பழைய பயண அறிக்கைகளைக் கழிக்கச் சொல்கிறார்கள் என்றால்

வணக்கம். கடல் ஆய்வு நிலைய நூலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம், எல்லாம் இணையத்தில் இருக்கிறது என்று சொல்லிப் பழைய பெட்டிகளைக் கழிக்கச் சொல்கிறார்கள். எதை வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆய்விதழ்த் தொகுதிகளில் பல வேறு நூலகங்களிலும் இருக்கும், சரிபார்த்துவிட்டுக் கழிக்கலாம். ஆய்வுக் கப்பல்களின் பயண அறிக்கைகளில் மட்டும் தயவுசெய்து யாரையும் கைவைக்க விடாதீர்கள். ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: வலை இறக்கிய இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், நேரம், நீரின் வெப்பம், அகப்பட்ட உயிரினங்கள் என்று வரிசையாக இருக்கும். அன்றைய கடலை இனி எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. 1872 முதல் 1876 வரை பயணம் செய்த பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பலான சாலஞ்சரின் வெப்ப அளவுகளை இன்றைய அளவுகளோடு ஒப்பிட்டு, கடல் எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று கணித்திருக்கிறார்கள். இத்தகைய அறிக்கைகள் சொற்பப் பிரதிகளே அச்சாகும். உங்களிடம் இருப்பதே கடைசிப் பிரதியாகவும் இருக்கலாம்.

கடல் அறிவியல் நூலகர்களின் சர்வதேசச் சங்கமான ஐயாம்ஸ்லிக்கில் விசாரியுங்கள். வேறெங்கே பிரதி உண்டு என்று தெரிந்துவிடும். உரிமை இருந்தால் ஸ்கேன் செய்து, கடல், நீர் அறிவியல் ஆவணங்களுக்கான இணையக் களஞ்சியமான அக்வாடாக்ஸில் ஏற்றுங்கள்.

பட்டியலிடும்போது உயிரினங்களின் பழைய அறிவியல் பெயரையும் புதிய பெயரையும் சேர்த்தே பதியுங்கள். ஸ்பெர்ம் திமிங்கிலம் சில ஆவணங்களில் பைசீட்டர் கேட்டோடான், சிலவற்றில் பைசீட்டர் மேக்ரோசெஃபலஸ். ஒன்றைத் தேடுபவருக்கு மற்றது கிடைக்காது.

ஸ்கேன் செய்பவர் அருகில் நீங்களே நில்லுங்கள். அவசரத்தில், மடித்து ஒட்டிய வரைபடங்களைப் பிரிக்காமலே பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.