ரெண்டு ஏஸ் வச்சும் தோத்தா தப்பு யாருது? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஞாயித்துக்கெழம மொட்டமாடியில பசங்க அஞ்சாறு பேரு போக்கர் ஆடுவோம், காசு கெடையாது, காயின் மட்டும்தான். போன வாரம் என் கையில ரெண்டு ஏஸ், இருந்த காயின் மொத்தமும் உள்ள தள்ளிட்டேன், எதிர்ல இருந்தவன் ஒரு ஏழு ஒரு ரெண்டு வச்சிகினு கால் பண்ணி (அதே அளவு காயின் போட்டு) கெலிச்சிட்டான். எல்லாம் சிரிக்கிறானுங்க. எனக்கு ஜட்ஜ்மென்ட்டே இல்லியா? அத எப்டி வளத்துக்கறது?
(பேரு வேணாம், கொருக்குப்பேட்டை)

பதில்: சிரிக்கிறவன் சிரிக்கட்டும் தம்பி, நீ ஆடுனது சரிதான். நீங்க ஆடற போக்கர்ல ஆளுக்கு ரெண்டு சீட்டு கையில, எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு ஒவ்வொண்ணா கீழ தொறக்கும், இதுல யாருக்கு நல்ல அஞ்சு சேருதோ அவன் ஜெயிப்பான். ஏழு ஒரு இஸ்பேட்டு, ரெண்டு ஒரு டைமன்னு வச்சுக்கோ, அதுக்கு எதிரா ரெண்டு ஏஸ் நூறு தடவ ஆடுனா கிட்டத்தட்ட 88 தடவ ஏஸ்தான் ஜெயிக்கும், மீதி இருக்கற 12ல ஒண்ணு அன்னிக்கு உன் மாடியில நடந்துடுச்சு. நம்ம ஏரியா பசங்களுக்கு இது ஜீரணமாகாது, ஏன்னா நாம வளந்தது கேரம் போர்டு பக்கத்துல. கேரம்ல உலக சாம்பியன் ஆன வியாசர்பாடி இளவழகி, 2024ல அமெரிக்கா போயி கேரம் உலகக்கோப்பையில மூணு தங்கம் தட்டினு வந்த காசிமா, எல்லாம் நம்ம பக்கத்து பொண்ணுங்கதான். கேரம்ல எல்லா காயும் கண்ணு முன்னாடி கெடக்கு, காய் விழலைன்னா நம்ம விரல்தான் சரியில்ல. போக்கர்ல எதிராளியோட ரெண்டு சீட்டு தெரியாது, வரப்போற சீட்டும் தெரியாது, அதனால சரியா ஆடியும் தோக்கலாம், தப்பா ஆடியும் ஜெயிக்கலாம். ரெண்டாவதுதான் டேஞ்சர், ஜெயிச்சவன் உக்காந்து யோசிக்கவே மாட்டான்.

ஒரு கணக்கு பாரு. உன் கையில ரெண்டு ஆர்ட்டின், கீழ தொறந்த நாலு சீட்டுல ரெண்டு ஆர்ட்டின், கடைசியா வரப்போற ஒரு சீட்டும் ஆர்ட்டினா விழுந்தா ஃபிளஷ், அதாவது அஞ்சும் ஒரே சின்னம், நீதான் ஜெயிப்பேன்னு வச்சுக்கோ. கட்டுல 13 ஆர்ட்டின், நாலு தெரிஞ்சிடுச்சு, மீதி 9. நீ பாக்காத சீட்டு 46. ஆக அஞ்சு தடவைக்கு ஒரு தடவதான் வரும். இப்ப நடுவுல 100 காயின் கெடக்கு, எதிராளி கையில இருந்த கடைசி 100 காயினையும் வச்சிட்டான். நீ 100 போட்டா கெடைக்கறது 200, மூணுல ஒரு தடவையாவது வந்தாதான் கட்டுப்படியாகும், அதனால சீட்ட கவுத்துடு. அவன்கிட்ட மிச்சம் இருந்ததே 20தான், அத வச்சிட்டான்னா கத வேற, 20 போட்டா 120, ஏழுல ஒரு தடவ வந்தாலே போதும், தாராளமா போடு. மொத கேஸ்ல நீ கால் பண்ணி ஆர்ட்டின் வந்து விழுந்துச்சுன்னா மாடியே விசில் அடிக்கும், ஆனா அது தப்பான கால்தான்.

வளத்துக்கறதுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். எதிராளி சீட்ட காட்டறதுக்கு முன்னாடியே, அவன்கிட்ட இன்னா இருக்கும்னு நெனைக்கிறே, நீ ஏன் போட்டே, இத ஒரு துண்டுப் பேப்பர்ல கிறுக்கி வச்சிடு. காட்டுனதுக்கு அப்புறம் எழுதுனா மனசு பொய் சொல்லும், ‘எனக்கு அப்பவே தெரியும்பா’ன்னும். ஒரு மாசம் கழிச்சி பேப்பரெல்லாம் எடுத்துப் பாரு, எந்த எடத்துல ஓயாம பயப்படறேன்னு தெரியும். முக்கால்வாசி பேரு எவனாவது ஆரம்பத்துலயே பெருசா ஏத்துனா, போச்சு ஏஸ் ஜோடின்னு நடுங்குவாங்க. ஏஸ் ஜோடி சேர 6 வழிதான் இருக்கு, ராஜா ஜோடிக்கும் 6, ஆனா ஒரு ஏஸ் ஒரு ராஜா சேர 16 வழி, அதனால ஏஸ் ஜோடிய விட அது அவன்கிட்ட இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. உன் கையிலயே ஒரு ஏஸ் இருந்தா அவனுக்கு ஏஸ் ஜோடி சேர 3 வழிதான் மிச்சம். இதெல்லாம் வீட்ல கட்ட பிரிச்சி போட்டு எண்ணிப் பாக்கலாம், யாரும் வந்து சொல்லித்தர வேணாம்.

கேள்வி: ஒரு கை தோத்தா அடுத்த கை சீட்டே பாக்காம போட்டுடறேன். ஏன்?
(தண்டையார்பேட்டை வாசகர்)

பதில்: இதுக்கு டில்ட்னு பேரு, பெரிய ஆட்டக்காரங்களுக்கும் வரும். ரெண்டு ரவுண்டு ஆடாத, உக்காந்து மத்தவன் எப்டி ஆடறான்னு பாரு. நல்லா ஆடறவங்க வர்ற கையில முக்கால்வாசிய மொதல்லயே கவுத்துட்டு சும்மாதான் இருப்பாங்க.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஃபோன்ல காசு கட்டி போக்கர் ஆடுறார். ‘இது திறமை ஆட்டம், கோர்ட்டே சொல்லிடுச்சு’ன்றார். நெஜமாவா?
(பேர் வேண்டாம், திருவொற்றியூர்)

பதில்: அவர் சொல்றது பழைய கதைம்மா. 2023 நவம்பர்ல சென்னை ஐகோர்ட், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம்னு தமிழ்நாடு சட்டத்துல சேத்தது செல்லாதுன்னு சொன்னது உண்மை. ஆனா 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் திறமையா அதிர்ஷ்டமான்னு பாக்கவே இல்ல, காசு கட்டி ஆடற ஆன்லைன் ஆட்டம் எல்லாத்துக்கும் தடை. நடத்தறவனுக்கு 3 வருஷம் ஜெயில், 1 கோடி ரூபாய் அபராதம் வரைக்கும் போகலாம். ஆடறவருக்கு அதுல தண்டனை இல்ல, அதனால வீட்ல போலீஸ் வரும்னு பயந்து மறைக்க வேண்டியதில்ல. இன்னமும் காசு வாங்கற ஆப் எதுவா இருந்தாலும் சட்டத்துக்கு வெளிய நிக்குது, காசு திரும்ப வரலைன்னா வாங்கறது ரொம்ப கஷ்டம். அது போக, நடத்தறவன் ஒவ்வொரு ஆட்டத்துலயும் ஒரு பங்கு எடுத்துப்பான், சமமா ஆடறவங்க நாலு பேரு உக்காந்தாலும் கடைசியில நாலு பேரு காசும் கரையும்.

அவர்கிட்ட சண்ட போடாம பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்து, போனது எவ்ளோ வந்தது எவ்ளோன்னு ரெண்டு பேரும் உக்காந்து கூட்டிப் பாருங்க. நிறுத்தணும்னு நெனச்சும் முடியலைன்னு சொன்னார்னா 14416க்கு ஃபோன் பண்ணுங்க, அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம்.