எடை குறையாவிட்டாலும் கல்லீரல் கொழுப்பு குறையுமா?

மூன்று மாதமாகத் தினமும் நடக்கிறேன். ஒரு கிலோகூடக் குறையவில்லை. நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியது தசைதான். அது இன்சுலினுக்குச் சரியாக இணங்காவிட்டால், மிஞ்சும் சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றிச் சேர்த்துவைக்கிறது. நடந்தால் தசை மறுபடி சர்க்கரையை இழுக்கும். அதனால் எடை அப்படியே இருந்தும் கல்லீரல் கொழுப்பு குறைவதை எம்ஆர்ஐ ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். வாரத்துக்கு 150 நிமிடம், மூச்சு சற்று வாங்கும் வேகத்தில் நடக்க வேண்டும்; கடை வீதியில் வேடிக்கை பார்த்துப் போவது கணக்கில் வராது. ஆனால் கல்லீரலில் வீக்கமும் (அழற்சி) இருந்தால் உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தாக வேண்டும். அது நடையால் மட்டும் ஆகாது, சோற்றையும் இனிப்பையும் குறைக்க வேண்டும்.

தசைக்குள்ளும் கொழுப்பு சேருமாமே, ஆபத்தா?

சேரும். ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. நீண்ட தூரம் ஓடும் வீரர்களின் தசையிலும், டைப் 2 சர்க்கரை நோயாளிகளின் தசையிலும் ஏறத்தாழ ஒரே அளவு கொழுப்பு இருக்கலாம். ஓடுபவருக்கு அது எரிபொருள். தினமும் செலவாகி மறுபடி நிரம்புகிறது. அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கோ அது தேங்கி, இன்சுலின் வேலையைக் கெடுக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்பதைவிடச் செலவாகிறதா என்பதுதான் முக்கியம்.

நான் ஒல்லி. எனக்கு எப்படி ஃபேட்டி லிவர்?

நம்மூர் உடல்வாகில் இது சகஜம். கை கால் மெலிந்திருக்கும், தொப்பை மட்டும் இருக்கும். இடுப்பை அளந்து பாருங்கள்: ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் தேவை. உங்களுக்கு நடையோடு எடை தூக்கும் பயிற்சியும் அவசியம்.

வாரக் கடைசியில் குடிக்கிறேன். மற்ற நாளில் ஓடினால் சரியாகிவிடுமா?

ஆகாது.

ஜிம்முக்குப் போன பிறகு எஸ்ஜிபிடி ஏறிவிட்டது. கல்லீரல் கெட்டுவிட்டதா?

அவசரப்பட வேண்டாம். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்பவை கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் என்சைம்கள்; இரண்டும் தசையிலும் உண்டு. பழக்கமில்லாமல் கடுமையாக எடை தூக்கினால் ஒரு வாரத்துக்கு மேலும் இவை ஏறியே நிற்கலாம். பத்து நாள் ஜிம்முக்கு ஓய்வு கொடுத்து மறுபடி ரத்தம் கொடுங்கள். தசைப் பாதிப்பைக் காட்டும் சிபிகே என்சைம் அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் எஸ்ஜிபிடி இறங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். புரோட்டீன் பவுடர் தவிர வேறு ஏதாவது மாத்திரை, ஊசி எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.