பூட்டிய அலுமாரியும் இரங்கநாதனும் – ஒரு கடிதம்

மதிப்புக்குரிய ஐயா,

இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். இரங்கநாதனைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நூலகத்துக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளையும், நூல்களை வகைப்படுத்த அவர் உருவாக்கிய கோலன் பகுப்பையும் வியந்து எழுதியிருந்தீர்கள். நான் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தமிழும் வரலாறும் கற்பிக்கிறேன். நூலகமும் என் பொறுப்பில் இருக்கிறது. நூலகம் என்றால் ஓர் அறை, சில இரும்பு அலுமாரிகள், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து உறவுகள் அனுப்பிய நூல்கள், அவ்வளவுதான். ஒரு நூல் குறைந்தாலும் கணக்காய்வின்போது நானே பதில் சொல்ல வேண்டும் என்று பொறுப்பைக் கையளித்த அன்றே சொல்லிவிட்டார்கள். ஆகவே அலுமாரிகள் பூட்டியே இருக்கின்றன. திறப்பு என் கைப்பையில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த பெரியவர் ஒருவரின் தத்துவம் எங்களுக்கு எதற்கு? அவருடைய பகுப்பு முறையைக்கூட இன்று அதிகம் பேர் பின்பற்றுவதில்லை என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அவரைப் படிப்பதால் என் மாணவருக்கு ஒரு நூலாவது கூடுதலாகக் கிடைக்குமா? நான் ஆசிரியை, நூலகர் அல்லேன்.

அன்புடன்,
ஓர் ஆசிரியை, முல்லைத்தீவு மாவட்டம்

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். இரங்கநாதனும் ஆசிரியர்தான். 1892 இல் சீர்காழிப் பகுதியில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் படித்து, சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்று, மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தவர். சென்னைப் பல்கலைக்கழகம் தனக்கு முதன்முதலாக ஒரு நூலகரைத் தேடியபோது, கற்பித்தலில் கிடைத்த சம்பளம் போதாமையால் அந்தப் பதவிக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பித்தவர்களில் நூலகப் பயிற்சி பெற்றவர் எவரும் இல்லை. நேர்முகத் தேர்வுக்குச் சில நாட்களுக்கு முன் பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் போனதுதான் நூலகத்துறையில் இரங்கநாதனுக்கு இருந்த ஒரே அறிமுகம். 1924 ஜனவரியில் பதவியேற்றவர், அதிக நாள் செல்வதற்குள் அந்த அறையின் தனிமை தாங்காமல் பழைய கல்லூரிக்குப் போய்த் தம்மைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கேட்டார். இலண்டனுக்குப் போய் நூலகக் கல்வியைப் படித்துவரட்டும், அதன் பிறகும் பிடிக்காவிட்டால் கணிதத்துக்கே திரும்பலாம் என்று ஓர் ஏற்பாடு செய்து அனுப்பிவைத்தார்கள்.

இந்தப் பகுதியை நம்முடைய வாழ்த்துரைகள் வேகமாகக் கடந்துவிடுகின்றன. பதவி வந்து தலையில் விழுந்த ஒருவர், அதை வெறுத்த ஒருவர், எப்படி மனம் மாறினார் என்பதில்தான் உங்களுக்கு வேண்டியது இருக்கிறது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவருக்குப் பெர்விக் சேயர்ஸ் ஆசிரியராக இருந்தார். குறொய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைமை நூலகரும் அவரே. அவரின் வழிகாட்டலில் இரங்கநாதன் பிரித்தானியாவின் பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். சிறுவர்களும் தொழிலாளர்களும் இறாக்கைகளுக்கு இடையே தாமே நடந்து, தாமே நூலை எடுத்துப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் அங்கே இருந்தது. தாம் விட்டுவந்த சென்னையில் நூலகம் என்பது நூல்கள் பத்திரமாக இருக்கும் இடமாக மட்டுமே இருந்தது. 1925 இல் ஊர் திரும்பியவர் கணிதத்தைக் கேட்டுப் போகவில்லை. வகுப்பறையில் செய்ததை இன்னும் பெரிய அளவில் செய்யக்கூடிய இடம் இதுவே என்று கண்டுகொண்டார் என்பது என் வாசிப்பு.

அவர் 1928 இல் வகுத்து 1931 இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளையும் இந்த இடத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். நூல்கள் பயன்பாட்டிற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும், நூலகம் வளர்ந்துகொண்டிருக்கும் ஓர் உயிரி. முதல் விதிக்கு அந்தச் சொற்களை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய பழைய கணிதப் பேராசிரியரான எட்வர்ட் ரொஸ். நூலக வேலையின் அடிப்படை என்னவென்று மாணவர் தடுமாறிக்கொண்டிருந்தபோது, நூல்கள் பயன்படத்தானே இருக்கின்றன, அதுதான் உன் முதல் விதி என்று ஆசிரியர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாராம். இதைச் சொல்லவும் ஒரு விதி வேண்டுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் இறாக்கையோடு பிணைத்து வைத்திருந்த காலத்தை நினைவூட்டித்தான் இரங்கநாதன் இந்த விதியை விளக்கத் தொடங்குகிறார். சங்கிலி போனாலும் அதைக் கட்டிவைத்த மனம் போகவில்லை என்பது அவர் வாதம். நூலகத்தை ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் கட்டுவது, வேலைக்குப் போகிறவர்கள் வரமுடியாத நேரத்தில் திறப்பது, சிறுவனுக்கு எட்டாத உயரத்தில் இறாக்கை அமைப்பது ஆகிய எல்லாவற்றையும் அவர் அந்த மனத்தின் கணக்கிலேயே எழுதுகிறார். உங்கள் கைப்பையில் இருக்கும் திறப்பும் அந்தக் கணக்கில் சேரும். நீங்கள் விரும்பிச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும்; அஞ்சிச் செய்கிறீர்கள். அந்த அச்சத்தை உண்டாக்கியவர்களுக்குத்தான் முதல் விதியை முதலில் வாசித்துக் காட்ட வேண்டும்.

நூல் காணாமற்போவதைப் பற்றி அவருக்கு மழுப்பல் எதுவும் இல்லை. இறாக்கைகளைத் திறந்துவிட்டால் சில நூல்கள் போகும். அதைப் பயன்பாட்டின் செலவாக ஏற்க வேண்டும். அதற்கு நூலகரின் சம்பளத்தில் கைவைத்தால் எந்த நூலகரும் கதவைத் திறக்க மாட்டார். இந்த நிலைப்பாட்டை அவரும் அவர் வழிவந்தோரும் பல ஆண்டுகள் விடாமல் வாதிட்டார்கள். இன்று இந்திய அரசின் 2017 ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில், ஓர் ஆண்டில் இரவல் கொடுக்கப்படும் அல்லது எடுத்துப் பார்க்கப்படும் ஒவ்வோர் ஆயிரம் நூலுக்கும் 5 நூல் குறைவது இயல்பான இழப்பு என்று எழுதப்பட்டிருக்கிறது. நேர்மையீனமோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை; விலை கூடிய நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். கணக்கு எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அலுமாரியில் எத்தனை நூல் இருக்கிறது என்பதை அந்த விதி அளவாக எடுக்கவில்லை, எத்தனை நூல் கைமாறியது என்பதை எடுக்கிறது. பூட்டியே வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகையில் பங்கு இல்லை. இது அயல்நாட்டு விதி. உங்கள் கணக்காய்வாளரை இது கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதிபரிடமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும் இதை எடுத்துக்காட்டி, ஆண்டுதோறும் இத்தனை நூல்வரை கழித்து எழுதலாம் என்று ஒரு தீர்மானத்தைக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்யுங்கள். இரவல் பதிவேட்டைத் திகதி வரிசையில் ஒழுங்காக வைத்திருங்கள். குறைந்த நூலோடு வாசித்தவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்துக் காட்டும் ஆசிரியைக்குப் பேச இடம் உண்டு. எல்லா நூலும் புதிதாகவே இருக்கும் அலுமாரியைக் காட்டி எதைப் பேசுவது?

கோலன் பகுப்பைப் பற்றிப் பயிற்சி வகுப்பில் சொன்னது பெருமளவு உண்மை. இலங்கையில் நாம் பழகியது டூயி தசமப் பகுப்பு. இந்தியாவிலும் பல நூலகங்கள் அதையே வைத்திருக்கின்றன. 1933 இல் வெளிவந்த கோலன் பகுப்பை இரங்கநாதன் பதிப்புக்குப் பதிப்பு மாற்றிக்கொண்டே இருந்தார். நூலில் ஒட்டிய பகுப்பு எண்ணைக் கிழித்துத் திரும்ப ஒட்டும் வேலையை எந்த நூலகந்தான் விரும்பும்? நீங்கள் அதன் பக்கமே போக வேண்டாம். அதன் உள்ளிருக்கும் யோசனையை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். டூயி முறை அறிவு முழுவதையும் முன்கூட்டியே பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு நூலையும் அதற்குரிய பெட்டியில் போடச் சொல்கிறது. பெட்டிகளைச் செய்தவர் 19 ஆம் நூற்றாண்டு அமெரிக்கர் என்பதால், மதத்துக்குரிய 200 தொடக்கம் 299 வரையான எண்களில் பெரும்பகுதி கிறித்தவத்துக்குப் போக, சைவமும் வைணவமும் 294.5 என்ற மூலைக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. இரங்கநாதன் இலண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். ஒரே துண்டுகளையும் ஆணிகளையும் வெவ்வேறாகப் பூட்டி வெவ்வேறு பொம்மைகளைச் செய்யலாம் என்று விற்பனையாளர் செய்துகாட்டிய கணத்தில், பகுப்பையும் இப்படிச் செய்யலாமே என்ற எண்ணம் அவருக்கு வந்தது.

நம்மூருக்கு வைத்துப் பார்ப்போம். இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோக நெல்லுக்கு வந்த நோயையும் அதைத் தடுத்த முறையையும் பற்றி ஒருவர் ஒரு சிறுநூல் எழுதியிருக்கிறார் என்று கொள்ளுங்கள். டூயியில் அது நெல்லுக்குரிய 633.18 ஐ ஒட்டிப் போய் உட்காரும். வன்னியைத் தேடி வருபவர் அதைக் காணமாட்டார். இரங்கநாதன் அந்த நூலைப் பயிர் எது, அதற்கு வந்த சிக்கல் எது, செய்த செயல் எது, இடம் எது, காலம் எது என்று முகம் முகமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியிட்டு, நிறுத்தற்குறிகளால் அவற்றைக் கோத்துவிடுவார். முக்காற்புள்ளிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே அந்தப் பகுப்புக்கும் பெயராயிற்று. கணினி வராத காலத்தில், இறாக்கையில் ஒரே இடத்தில்தான் நிற்கக்கூடிய நூலுக்கு இது பெரும் சுமைதான். ஆனால் 1952 இல் இலண்டனில் கூடிய, நூற்பகுப்பை ஆராயும் குழுவினர் (Classification Research Group), தகவல் தேடலுக்கு இந்த முகப்பகுப்பே அடிப்படையாக வேண்டும் என்று 1955 இல் அறிவித்தார்கள். இன்று உங்கள் மாணவி கைபேசியில் ஒரு சேலையை நிறம், விலை, துணிவகை என்று ஒவ்வொன்றாகத் தெரிவு செய்து சுருக்கித் தேடுகிறாளே, அந்த ஒழுங்கின் தொடக்கத்தில் மாநிலக் கல்லூரியில் கணிதம் படிப்பித்தவர் ஒருவர் இருக்கிறார். உங்கள் அறைக்கு இதிலிருந்து எடுக்கக்கூடியது சிறியது: நூல் எங்கே நிற்கிறது என்பதோடு விட்டுவிடாமல், ஒரு தடித்த அப்பியாசக் கொப்பியில் ஊர், ஆள், தொழில் என்று தலைப்பிட்டு, எந்த நூலில் எந்தப் பக்கத்தில் அது பேசப்படுகிறது என்று உயர்தர மாணவரைக் கொண்டு எழுதிவையுங்கள். 954.93 இல் நிற்கும் இலங்கை வரலாற்று நூல் ஒன்றில் வன்னி மன்னன் பண்டாரவன்னியனைப் பற்றி இரண்டு பக்கம் இருப்பதை எந்தப் பகுப்பு எண்ணும் சொல்லாது. அந்தக் கொப்பி சொல்லும்.

வெளிநாட்டுப் பெட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அனுப்புகிறவர்களின் அன்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் காலாவதியான கணக்கியல் பாடநூலும், யாருக்கும் விளங்காத ஆங்கில நாவல்களும், ஒரே ஆண்டு மலரின் இருபது படிகளும் அலுமாரியை நிறைத்துக்கொண்டிருப்பது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்ற இரண்டாம் விதிக்கு நேர் எதிரானது. வாசகரைக் கேளாமல் வந்த நூலுக்கு வாசகரைத் தேடுவது மூன்றாம் விதியின் வேலை. அதைச் செய்து பார்த்தும் ஆள் கிடைக்காத நூலை உரிய அனுமதியோடு கழித்துவிடுவதில் பாவம் எதுவும் இல்லை. வளர்கிற உயிர் கழிவையும் வெளியேற்றும்.

சென்னை, பல்கலைக்கழகம், பெரியவர் என்று நீங்கள் எழுதியதற்கும் பதில் சொல்ல வேண்டும். 1931 இல், அதாவது ஐந்து விதிகள் வெளியான அதே ஆண்டில், மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோகத் தொடங்கினார். 1928 இல் இரங்கநாதனும் மற்றவர்களும் நிறுவிய சென்னை நூலகச் சங்கம் பரப்பிக்கொண்டிருந்த எண்ணத்தின் விளைவு அது. நூலகத்துக்கு நிலையான பணம் சட்டத்தால் வர வேண்டும் என்பதற்காக இரங்கநாதன் பல ஆண்டு அலைந்ததன் பயனாக 1948 இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதலாவது. சொத்து வரியோடு நூலக வரியையும் அது சேர்த்தது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் திட்டமிட்டபோதும் அவரிடம் ஆலோசனை பெற்றார்கள். 1959 இல் திறந்து, 97,000 வரையான நூல்களோடு 1981 இல் எரிந்துபோன அந்தக் கட்டடத்தின் கதையில் அவருக்கும் ஒரு வரி உண்டு.

அவரிடமிருந்து நீங்கள் எடுக்கக் கூடாதது ஒன்றும் உண்டு. இருபது ஆண்டுகள் விடுமுறையே எடுக்காமல், கிழமையில் ஏழு நாளும் நூலகத்தில் இருந்தார் என்று மெச்சி எழுதுவார்கள். வீட்டில் இன்னொருவர் உலை வைத்துச் சோறு ஆக்கியதால் அது இயன்றது. வாரத்துக்கு முப்பது பாடவேளையும் வீட்டுப் பொறுப்பும் உள்ள ஓர் ஆசிரியையிடம் எவராவது அதைக் காட்டி மேலதிக வேலை கேட்டால், இல்லை என்று சொல்லுங்கள். இடைவேளையில் அரை மணி நேரம், இரண்டு அலுமாரி திறந்தபடி, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் பதிவேட்டோடு மேசையில் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். ஈழத்துப் பழைய நூலோ சஞ்சிகையோ தேவைப்பட்டால், 2005 இல் தொடங்கிய, ‘நூலகம்’ என்றே பெயர்கொண்ட எண்ணிம நூலகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். பாடசாலைக் கணினி ஒன்று அதற்குப் போதுமானது.

நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலையாக ஒன்றைக் கேட்கிறேன். பிள்ளைகள் வந்து கேட்டு, அலுமாரியில் இல்லை என்று நீங்கள் திருப்பி அனுப்பிய நூல்களையும் விடயங்களையும் ஒரு மாதத்துக்குக் குறித்துவையுங்கள். அந்தப் பட்டியலை எனக்கு அனுப்புங்கள். என்ன நூல் அனுப்பலாம் என்று கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் எனக்கு எழுதுகிறவர்களுக்கு, இனி அதையே அனுப்பிவைப்பேன்.