யன்னலோரம் ஒரு தட்டு: வீட்டுக்குள்ளேயே படமும் மணிமாலையும்

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். நான் வேலைக்குப் போகிறேன். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நான்கு. மாமியும் எங்களோடுதான். கல்யாணத்துக்கு முன் மணி கோத்து மாலை, தோடு செய்வேன், படம் எடுக்கவும் பிடிக்கும். இப்போது இரண்டுக்கும் நேரமில்லை. எப்போதாவது ஒரு தோடு செய்து போனில் படம் எடுத்தால் நிறம் மாறி மங்கலாக வருகிறது. பிள்ளைகளின் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி, நிற்க வைத்துச் சிரிக்கச் சொன்னவை. நல்ல கமரா வாங்கினால் சரியாகுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கமரா இப்போதைக்கு வேண்டாம். நிறம் மாறுவது வெளிச்சத்தால். மங்குவது போனை மிகக் கிட்டக் கொண்டுபோவதால். அந்த இரண்டையும் உங்கள் வீட்டில் இருப்பதை வைத்தே சரிசெய்யலாம். நேரம் பற்றிய கவலைதான் பெரியது என்று உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அதிலிருந்து தொடங்குவோம்.

பிள்ளைகள் தூங்கிய பின், வேலை எல்லாம் முடித்து, அமைதியாக இரண்டு மணித்தியாலம் கிடைத்தால் செய்யலாம் என்று காத்திருந்தால் அது கிடைக்காது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் நேரம் துண்டு துண்டாகத்தான் வரும். அந்தத் துண்டுக்குள் அடங்கும் அளவுக்கு வேலையைச் சிறிதாக்க வேண்டும். அதற்கு நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது ஒரு தட்டு. விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டோ பழைய தேத்தண்ணித் தட்டோ போதும். அடியில் ஒரு சிறு துவாயை விரியுங்கள், மணி உருளாது. செய்து கொண்டிருக்கும் ஒரே ஒரு மாலை, அதற்குரிய மணிகள், குறடு, கத்தரிக்கோல், வேறொன்றும் அதில் வேண்டாம். இருபது நிமிடம் கிடைத்தால் தட்டை இறக்கி மணியைக் கோக்கத் தொடங்குங்கள். மகன் எழும்பினால் அப்படியே தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்துவிடலாம். எடுத்து வைப்பதும் ஒதுக்குவதும்தான் நேரத்தைத் தின்கின்றன, கோப்பது அல்ல. மணி கோக்கும் வேலை இரவில் நடக்கட்டும். படம் எடுப்பதைப் பகலுக்கு விடுங்கள். இரண்டையும் ஒரே இருப்பில் முடிக்கப் பார்ப்பதால்தான் ரியூப் லைட்டின் கீழ் எடுத்த படம் உங்களை ஏமாற்றுகிறது.

ஜூலியா மார்கரட் கமரூனை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் படம் எடுத்துப் புகழ்பெற்றவர், பல பிள்ளைகளின் தாய். 1863ஆம் ஆண்டின் கடைசியில், 48 வயதில், மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் தன் வீட்டுக் கோழிக்கூட்டை ஸ்டூடியோவாக்கி, கரி வைக்கும் அறையை இருட்டறையாக்கி, வீட்டு வேலைக்கு இருந்த பெண்களையும் உறவினரையும் அயலவரையும் உட்கார வைத்துப் படம் எடுத்தார். 1875இல் இலங்கைக்கு வந்து, இங்கேயே 1879இல் காலமானார். இன்று உலக அருங்காட்சியகங்களில் இருக்கும் அவருடைய படங்களில் பல வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் கண்ணில் பட்டவர்களின் முகங்கள்தான்.

இனி தோட்டைப் படமெடுக்கும் விஷயம். வீட்டில் ஒரே நேரத்தில் யன்னல் வெளிச்சம், மஞ்சள் பல்ப், ரியூப் லைட் மூன்றும் இருந்தால் போன் எதை வெள்ளையாக எடுத்துக்கொள்வது என்று குழம்பிவிடும். பகலில் எல்லா விளக்கையும் அணையுங்கள். வெள்ளவத்தையில் கடல் மேற்கே. ஆகவே கடல் பக்க யன்னலில் காலையில் நேர் வெயில் விழாது, வெளிச்சம் மட்டும் மென்மையாக வரும். ஞாயிறு காலை எட்டுக்கும் பத்துக்கும் இடையில் அந்த யன்னல்தான் உங்கள் ஸ்டூடியோ. கடலுக்கு எதிர்ப்பக்கம், கிழக்கே காலி வீதியைப் பார்த்த வீடு என்றால் பின்னேரம் நல்லது. இரண்டு நேரத்திலும் வெயில் உள்ளே வந்தால் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை யன்னலில் கட்டுங்கள். கடையில் விற்கும் வெளிச்சப் பெட்டியைவிட அது அழகான வெளிச்சம் தரும்.

மேசையை யன்னலுக்குப் பக்கவாட்டில் போட்டு, வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து நகையின் மேல் விழச் செய்யுங்கள். மறுபக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். போனின் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில் லென்ஸில் எப்போதும் எண்ணெய்க் கை இருக்கும், பாதி மங்கலுக்குக் காரணம் அதுதான். பிறகு போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்து இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். மிகக் கிட்டப் போனால் லென்ஸுக்குக் குவியாது, தோட்டின் உருவமும் கோணலாகும். திரையில் மணியின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் குவியமும் வெளிச்சமும் அப்படியே நிற்கும். வெள்ளைத் தாளின் மேல் எடுக்கும்போது படம் சாம்பலாக வரும். ஏனென்றால் எதைக் கண்டாலும் நடுத்தர வெளிச்சமாக்கப் பார்ப்பது கமராவின் குணம். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். கறுப்புத் துணி என்றால் குறையுங்கள்.

உலோகம்தான் எல்லோரையும் திணறடிக்கும். பளபளக்கும் வெள்ளியும் பித்தளையும் ஒரு சிறிய கண்ணாடி போல. அதில் தெரிவது அதன் சொந்த நிறம் அல்ல, சுற்றி இருப்பவை. நீங்கள் சிவப்புச் சட்டை போட்டிருந்தால் சிவப்புக் கோடு விழும். ஆகவே உலோகத்தைப் படமெடுக்கும் நாளில் வெள்ளை உடுத்துங்கள். நகையைச் சுற்றி வெள்ளைத் தாளைக் கூடாரம் போல நிறுத்தி, ஓர் அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை வெட்டி, அதன் வழியே எடுங்கள். உலோகத்துக்கு உருவம் காட்ட ஓர் ஓரத்தில் ஒல்லியான கறுப்புத் தாள் துண்டு ஒன்றை வைத்துப் பாருங்கள். விளிம்பு சட்டென்று எழுந்து நிற்கும்.

பின்னணிக்குக் கடைக்குப் போக வேண்டாம். சுளகு, பன்பாய், அம்மியின் கருங்கல், மாமியின் பழைய கைத்தறிச் சேலை, எல்லாம் உங்கள் வீட்டுக்கே உரிய பின்னணிகள். ஆனால் கோடும் பூவும் நிறைந்த துணியில் சின்ன மணி தொலைந்துவிடும். நிறம் பற்றி எனக்கு ஒரு பழைய வலி உண்டு. ஒருமுறை மயில்பச்சை மாலையை இரவில் படமெடுத்து அனுப்பினேன். படத்தில் அது நீலமாகத் தெரிந்தது. நீலச் சேலைக்காக ஆசையோடு வாங்கியவர் கல்யாண வீட்டுக்கு முதல் நாள் திருப்பிக் கொண்டுவந்தார். அவருடைய முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து எதை அனுப்பினாலும் நகையையும் படத்தையும் யன்னலடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அனுப்புவதில்லை.

பிள்ளைகளின் படத்துக்கு வருவோம். சிரிக்கச் சொல்வதை நிறுத்துங்கள். அவர்கள் ஏதாவது செய்து கொண்டிருக்கும்போது எடுங்கள்: இடியப்பத்தைப் பிய்க்கும் விரல், சப்பாத்து நாடாவை முடியும்போது கடிக்கும் உதடு, தலை பின்னும்போது மகள் முகம் சுளிப்பது. நிலத்தில் உட்காருங்கள், அவர்களுடைய கண் மட்டத்துக்குப் போன் வரட்டும். வெளிச்சம் குறைந்த அறையில் ஓடும் பிள்ளை மங்கலாகத்தான் விழுவான், ஏனென்றால் அங்கே போன் அதிக நேரம் திறந்திருந்து வெளிச்சம் சேர்க்கிறது. அதே யன்னலடிக்கு விளையாட்டைக் கொண்டுவந்தால் போதும். வெளியே எடுப்பதானால் மதியம் வேண்டாம். கொழும்பு நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 7 பாகை வடக்கே. நடுப்பகலில் வெயில் உச்சியிலிருந்து இறங்கி, கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் போடும். ஐந்து மணிக்குப் பிறகு கடலோர வீதியான மரைன் டிரைவ் பக்கம் நடந்து போங்கள். சூரியன் விழுந்து இருபது நிமிடத்தில் இருட்டிவிடும், அதனால் முந்திக்கொள்ள வேண்டும்.

வாரத்தில் ஒருநாள் போனை மகளிடம் கொடுங்கள். ஐந்து படம் மட்டும் என்று சொல்லுங்கள், அப்போதுதான் பார்த்து எடுப்பாள். அவளுடைய உயரத்தில் வீடு வேறாகத் தெரியும். மாமியின் முகத்தைவிட மாமியின் கைதான் அவளுக்குக் கிட்ட இருக்கிறது. அந்தப் படங்களைத் திருத்தாமல் பாருங்கள்.

இந்த இரண்டு விருப்பத்தையும் ஒன்றாக்கும் வழி ஒன்று சொல்கிறேன். உங்கள் கடிதம் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். அந்த வாரம் எடுத்ததில் ஒரு படத்தைத் தெரிவுசெய்யுங்கள். அதில் பெரும்பகுதி என்ன நிறம், அடுத்தது என்ன, ஒரு புள்ளியாக நிற்பது என்ன என்று மூன்று நிறத்தைக் குறியுங்கள். மணிமாலையிலும் அந்த நிறங்களை அதே அளவில் கோத்து வையுங்கள். மரைன் டிரைவில் பின்னேரம் எடுத்த படம் என்றால் கடலின் சாம்பல்நீலம் பெரும்பகுதி, தண்டவாளத்தின் துருச்சிவப்பு கொஞ்சம், மகன் கையில் இருந்த ஐஸ்பழத்தின் செம்மஞ்சள் ஒரே ஒரு மணி. புதிய டிசைனுக்கு அலைய வேண்டியதில்லை, அந்த வாரம் உங்கள் வீட்டில் நடந்ததுதான் டிசைன். நிறம் தெரிவுசெய்யும் வேலையை மகளுக்கே விடலாம். நான்கு வயதுக்காரன் தட்டுகளில் பெரிய மரமணிகளைப் பிரித்து வைப்பான், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். சின்ன மணியும் காந்தப் பூட்டும் அவன் வாய்க்கும் மூக்குக்கும் எட்டக்கூடாது.

மணியும் நூலும் வாங்கப் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களுக்குப் போய் வாருங்கள், விலையிலும் வகையிலும் அதற்கு ஈடில்லை. இரவு வெளிச்சத்தில் 2 மில்லிமீற்றர் மணி கண்ணைக் கொல்லும். 3 அல்லது 4 மில்லிமீற்றர் மணி எடுங்கள். கம்பி என்றால் அரை மில்லிமீற்றர் தடிப்பு மணி சுற்ற நல்லது. இலாஸ்டிக் நூலைக் கோக்க முன் இரண்டு மூன்று தரம் இழுத்து விடுங்கள், இல்லாவிட்டால் காப்பு ஒரு மாதத்தில் தொளதொளக்கும். முடிச்சில் ஒரு சுற்றுக் கூடப் போட்டு ஒரு சொட்டுப் பசை வைக்கலாம். தோட்டுக் கொக்கிக்கு எவர்சில்வர் எடுங்கள். மலிவுக் கொக்கிகளில் உள்ள நிக்கல் பலருக்குக் காதைக் கடிக்கும், கடல் காற்றில் பித்தளையும் செம்பும் சீக்கிரம் கறுக்கும். செய்து முடித்ததைக் காற்றுப் புகாத சிறு பைகளில் போடுங்கள்.

கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று. இயற்கை மணிகள் என்றதும் பலர் குன்றிமணியைத் தேடுவார்கள். பொற்கொல்லர்கள் பொன் நிறுத்த மணி, சிவப்பும் கறுப்புமாக அழகானது. அதற்குள் அப்ரின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. விதை முழுதாக இருக்கும்வரை ஓடு காக்கும், நூல் கோக்கத் துளை போட்டால் அந்தக் காவல் போய்விடும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்குள் அதைக் கொண்டுவராதீர்கள். கறுப்புப் புள்ளி இல்லாத, முழுச் சிவப்பான மஞ்சாடி வேறு விதை. ஆனால் அதுவும் சின்னவன் வாய்க்கு எட்டாத உயரத்தில்தான் இருக்க வேண்டும். கடற்கரையில் பொறுக்கும்போது பவளத் துண்டை விட்டுவிடுங்கள், பவளம் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. சிரட்டை இருக்கிறதே, தேய்த்து எண்ணெய் பூசினால் எந்தப் பதக்கத்துக்கும் குறையாது.

விற்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் அவசரப்படுத்தமாட்டேன். என்றாவது விற்றால், நகையைப் பிள்ளைகளுக்கு அணிவித்து எடுத்த படத்தைப் பொதுவில் போடாதீர்கள். கையோ காதோ மட்டும் தெரிந்தால் போதும்.

போனில் கிடக்கும் ஆயிரம் படத்தைவிட அச்சிட்ட பத்துப் படம் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1983 ஜூலையில் கொழும்பில் எரிந்த தமிழ் வீடுகளோடு ஆல்பங்களும் எரிந்தன. பிறகு வந்த இடப்பெயர்வுகளில் இன்னும் பல தொலைந்தன. அடையாள அட்டையில் இருந்த ஒரு சின்னப் படத்தைத் தவிரத் தாத்தாவின் முகமே இல்லாத வீடுகள் எனக்குத் தெரியும். அந்த வீடுகளில் ஒருவரும் கல்யாணப் படம் எங்கே என்று கேட்பதில்லை. அவர் எப்படி உட்காருவார், எந்தக் கையால் பத்திரிகை பிடிப்பார் என்றுதான் கேட்கிறார்கள். மாதம் ஒரு போயா, அதாவது பூரணை விடுமுறை வருகிறது. அன்று எல்லோருமாக உட்கார்ந்து பத்துப் படம் தெரிவுசெய்யுங்கள். 4க்கு 6 அங்குல அச்சுக்கு 1200க்கு 1800 புள்ளி போதும், உங்கள் போன் அதைவிடப் பல மடங்கு தரும். வட்ஸ்அப்பில் வந்து போனதைக் கொடுக்காமல் மூலப் படத்தைக் கொடுங்கள். ஈரக் காற்றில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், சட்டம் போடும்போது இடையில் ஓர் அட்டை விளிம்பு வையுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் பெயரும் திகதியும். இன்னொரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.

வரும் ஞாயிறு இப்படித் தொடங்கிப் பாருங்கள். மாமியிடம் அறுந்து கிடக்கும் பழைய மாலை ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லா அலுமாரியிலும் ஒரு தகரப் பெட்டிக்குள் ஒன்று இருக்கும். கடல் பக்க யன்னலடியில் தட்டை வையுங்கள், மாமி மணிகளை எண்ணட்டும், மகள் கோக்கட்டும். யார் கொடுத்தது, எந்தக் கோயில் திருவிழாவில் வாங்கியது என்று அவர் சொல்லத் தொடங்கும்போது முகத்தை விட்டுவிட்டு இரண்டு பேருடைய கைகளையும் எடுங்கள். அவர் சொன்னதை அன்றைக்கே அச்சுப் படத்தின் பின்னால் எழுத ஒரு தாளில் குறித்து வையுங்கள்.