ஆதாரும் முகவரியும் இல்லாத பிளாட்பாரக் குழந்தைகளுக்கு எப்படி வைத்தியம் பார்ப்பது?

சென்னையில் தெருவோரம் குடியிருக்கும் ஒரு குடும்பத்தின் குழந்தைகளுக்காகக் கேட்டிருக்கிறீர்கள்.

ஆதார் இல்லை என்பதற்காக அரசு மருத்துவமனையில் சிகிச்சையை மறுக்கக் கூடாது. ஓ.பி. சீட்டில் முகவரி கேட்டால், இரவில் படுக்கும் தெருவையும் பக்கத்துக் கடையின் பெயரையும் சொல்லச் சொல்லுங்கள். சாதாரணக் காய்ச்சல், சளிக்கு மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் போதும். மூச்சு வாங்கினாலோ வலிப்பு வந்தாலோ 108.

மருந்து கிடைப்பதை விட அது கெடாமல் இருப்பதுதான் பெரிய பாடு. தூளில் தண்ணீர் கலந்து தரும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் சிரப், வெயிலில் கிடந்தால் வீரியம் குறைந்துவிடும். தண்ணீரில் கரையும் மாத்திரையாகக் கேளுங்கள். ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து ஊட்டலாம்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைத் தூளைத் தண்ணீரில் கரைத்தது) கொடுக்கும்போது பெரும்பாலும் அளவில்தான் தப்பு நடக்கிறது. பெரிய பாக்கெட் முழுதும் 1 லிட்டருக்கானது. ஒரு டம்ளரில் பாதியைக் கொட்டினால் உப்பு கூடிப்போய்க் குழந்தைக்கு ஆபத்து. காலி 1 லிட்டர் தண்ணீர் பாட்டில்தான் தெருவில் எளிதாகக் கிடைக்கும் அளவுகோல். கழுத்து வரை நல்ல தண்ணீர் பிடித்து, பாக்கெட்டை முழுதாகப் போட்டுக் குலுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கூடவே துத்தநாக மாத்திரை: 6 மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., 2 முதல் 6 மாதம் வரை 10 மி.கி., மொத்தம் 14 நாள். மூன்றாம் நாளே பேதி நின்றுவிடும், அம்மாவும் மாத்திரையை நிறுத்திவிடுவார். "மறுபடி வராம இருக்கத்தான் மிச்ச மாத்திரைம்மா" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கண் குழி விழுந்தாலோ, குடிக்க முடியாமல் துவண்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ தாமதிக்காமல் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சிரங்குக்கு ஒரு குழந்தைக்கு மட்டும் மருந்து போடுவது வீண். ஒன்றாகப் படுப்பவர்கள் எல்லோருமே ஒரே இரவில் பெர்மெத்ரின் 5% களிம்பைக் கழுத்திலிருந்து பாதம் வரை தடவி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கைக்குழந்தைக்கு டாக்டரிடம் கேட்டே போடுங்கள். துணியைக் கொதிநீரில் துவைக்க அங்கே வழி ஏது? பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி 3 நாள் வைத்தால் பூச்சி செத்துவிடும். அதுவரை உடுத்த மாற்றுத் துணி வாங்கிக் கொடுங்கள். அது இல்லாமல்தான் பல வீட்டில் சிரங்கு திரும்பத் திரும்ப வருகிறது.

தடுப்பூசி அட்டை மழையில் நனைந்து போய்விடும். ஜிப் பையில் போட்டுக் கொடுத்து, உங்கள் போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். அட்டை தொலைந்திருந்தாலும் தடுப்பூசி நாளான புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். தட்டம்மை ரூபெல்லா ஊசியை 5 வயது வரை போடலாம். போட்டதா இல்லையா என்று சந்தேகமிருந்தால் நர்சம்மாவிடம் அதை அப்படியே சொல்லுங்கள்.