பிரிக்காத பை

அன்புள்ள அண்ணா,

நான் சேலம் அம்மாப்பேட்டைக்காரன். சம்பளமில்லா விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, முதுகுப்பை ஒன்றோடு தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் என்று 45 நாள் தனியாகச் சுற்றிவிட்டு, பொங்கலுக்கு முந்தின நாள் வீடு வந்து சேர்ந்தேன். கடைசி ஐந்து நாள் வியட்நாமின் மலை ஊரான தா லாத்தில், ஒரு காப்பித் தோட்டத்து வீட்டில் தங்கினேன். பழம் பறிப்பதிலிருந்து காயவைப்பது வரை அந்த வீட்டு அம்மாவிடம் சைகையிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பையைப் பிரிக்க மனம் வரவில்லை. அம்மாவுக்கென்று வாங்கின ஃபின், அதாவது டம்ளர் மேல் வைத்துக் காப்பி சொட்டவிடும் சின்ன ஃபில்டர், அதுகூட உள்ளேயே கிடக்கிறது. பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் "எவ்வளவு செலவாச்சு?" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். நண்பர்கள் பத்து போட்டோவுக்கு மேல் பார்ப்பதில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். விட்டுவிட்டு மறுபடி கிளம்பிவிடலாமா என்று இருக்கிறது. இது எல்லோருக்கும் வருவதுதானா?

ச., சேலம்

அன்புள்ள ச,

வரும். எனக்கும் வந்தது. 2011-ல் லாவோஸில் மூன்று வாரம் சுற்றிவிட்டு வந்து, உங்களைப் போலவே பையை மூலையில் சாத்தி வைத்தேன். பிரித்தால் எல்லாம் முடிந்துபோகும் என்கிற நினைப்பு. மூன்றாவது வாரம் அம்மாவுக்கு நாற்றம் தாங்கவில்லை, அவரே பிரித்துவிட்டார். ஈரத்தோடு சுருட்டி வைத்த துண்டில் கரும்புள்ளியாகப் பூசணம். பக்கத்து ஜிப்புக்குள் வாழையிலையில் மடித்த ஒட்டுச்சோறு, கல்லாகியிருந்தது. அந்த ஊரில் சோறு வைத்துத் தருவார்களே, மூடி போட்ட சின்ன மூங்கில் கூடை, அதில் ஒன்றும் இருந்தது. அதை மட்டும் அம்மா வெயிலில் காயவைத்து எடுத்துக்கொண்டார். இன்றுவரை எங்கள் வீட்டுப் பூண்டு அதில்தான் கிடக்கிறது. "இது எதுக்குடா?" என்று அவர் கேட்ட அன்றுதான் அந்தப் பயணத்தைப் பற்றி நான் ஒழுங்காக வாய் திறந்தேன். அதற்கு முன் எல்லோரும் கேட்டது செலவுக் கணக்கு. ஒரு மாமா மட்டும் பாம்பு சாப்பிட்டாயா என்று கேட்டார்.

சொந்தக்காரர்கள் மேல் வருத்தம் வேண்டாம். லாவோஸில் லுவாங் பிரபாங் என்று ஒரு ஊர் என்று நீங்கள் சொன்னால் அவர்கள் பிடித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. ரூபாய் என்றால் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் மீகாங் ஆறு இல்லை, கோயில் இல்லை, மலையைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த அம்மாவும் சைகையும்தான் இருக்கிறது. உங்கள் ஏக்கம் அந்த நாடுகள் மேல் இல்லை என்று நினைக்கிறேன். 45 நாள் உங்களை யாருக்கும் தெரியாது. யார் பையன், என்ன சம்பளம், கல்யாணம் எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்று ராத்திரி எங்கே படுப்பது, நாளைக்குப் பஸ் எத்தனை மணிக்கு, இந்த இரண்டு கவலைதான். அது பெரிய சுகம், மறுக்கவில்லை. ஆனால் நாள்பட்டால் அதுவும் புளிக்கும். லாவோஸின் எல்லை ஊரான ஹுவாய் சாயிலிருந்து லுவாங் பிரபாங் போகிற இரண்டு நாள் படகில் என் பக்கத்தில் ஒருவர் இருந்தார், ஊரை விட்டுக் கிளம்பி பதினான்கு மாதம் ஆனவர். இரவு தங்க வழியில் பாக்பெங் என்கிற ஊரில் இறக்கிவிட்டபோது ஊரைப் பார்க்கக்கூட வெளியே வரவில்லை. எல்லா ஊரும் ஒன்றுதான் என்றார்.

அதனால் திங்கட்கிழமை வேலைக்குப் போங்கள். ஒன்றரை மாதம் விடுப்புத் தருகிற ஆபீஸ் லேசில் கிடைக்காது. ஆறு மாதம் கழித்தும் இதே எண்ணம் இருந்தால் அப்போது பேசுவோம்.

ஒன்று மட்டும் எனக்குச் சிரிப்பாக இருந்தது. நீங்கள் தா லாத்தில் பழம் பறித்த அதே வாரம் ஏற்காட்டிலும் பறித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். இரண்டு பக்கமும் காப்பியைக் கொண்டுவந்தவன் வெள்ளைக்காரன்தான். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்கு 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன், வியட்நாமுக்கு 1857-ல் பிரெஞ்சுப் பாதிரிமார். அதற்காக "எல்லாம் நம்ம ஊரிலேயே இருக்கு" என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஏற்காடு தா லாத் ஆகாது. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப்போய் ஒரு தோட்டத்தில் நின்றால், "அம்மாப்பேட்டையில எந்தத் தெரு?" என்று ஆரம்பித்து உங்கள் பெரியப்பாவரை வந்துவிடுவார்கள். இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள். வியட்நாமில் பெரும்பாலும் செடி வெட்டவெளி வெயிலில் நிற்கும், இங்கே சில்வர் ஓக் நிழலில், மரத்தில் மிளகுக்கொடி ஏற நிற்கும். ஏன் இப்படி என்று கேட்க இப்போது உங்களுக்குத் தோன்றும். சைகையும் வேண்டியதில்லை.

சரி, இன்றைக்குப் பையைப் பிரியுங்கள். முதலில் துண்டு. லாவோஸ் கிப் நோட்டு மிச்சமிருந்தால் மாற்ற அலைய வேண்டாம், இங்கே யாரும் வாங்கமாட்டார்கள். அப்புறம் அந்த ஃபின். சிக்கரி கலக்காத தூளாக வாங்குங்கள், கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்துத் தரச் சொல்லுங்கள். நைஸாக இருந்தால் அடைத்துக்கொள்ளும். டம்ளரில் கண்டென்ஸ்டு மில்க் இரண்டு ஸ்பூன் விட்டு, மேலே ஃபின்னை வைத்துக் கொதித்த நீரை ஊற்றுங்கள். சொட்டி முடிய ஐந்து நிமிஷம் ஆகும். அம்மா பக்கத்திலேயே நின்று, "இதுக்குள்ள நான் நாலு பேருக்குக் காப்பி ஆத்தியிருப்பேன்" என்பார்.

அன்புடன்.