கேம்பர் வேனுக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போதுமா?

வணக்கம் நண்பரே. வருடத்தில் நாலைந்து பயணம்தான், மற்ற நாளெல்லாம் வேன் மயிலாடுதுறை வீட்டு வாசலில் நிற்கும், அதனால் மூன்றாம் நபர் காப்பீடு போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டத்துக்கு அது போதும். ஆனால் அது உங்கள் வண்டியால் மற்றவருக்கு நேரும் இழப்பை மட்டுமே ஈடுகட்டும், உங்கள் வண்டிக்குப் போதாது. நம் டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் நிற்கிற வண்டிக்குத்தான் ஆபத்து அதிகம். 2018 கஜா புயலில் எங்கள் தென்னைமரம் சாய்ந்து காரின் கூரை நசுங்கியது. சொந்த வண்டியின் சேதத்துக்கும் பணம் தரும் முழுக் காப்பீடு இருந்ததால் தப்பித்தோம்.

முழுக் காப்பீட்டோடு இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் திட்டத்தையும் கட்டாயம் சேருங்கள். வெள்ளம் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் கெட்டால், சாதாரண பாலிசியில் பெரும்பாலும் பணம் வராது. அந்தத் திட்டம் இருந்தாலும் தண்ணீர் நின்ற வண்டியில் சாவியைத் திருப்பவே வேண்டாம். இழுவை வண்டியை அழையுங்கள்.

அப்புறம், கட்டில், அடுப்பு, கூடுதல் பேட்டரி எல்லாம் பொருத்தியதாகச் சொல்கிறீர்களே, அந்த மாற்றம் ஆர்சி புத்தகத்தில் ஏறியிருக்கிறதா? இதுதான் எனக்குப் பெரிய கவலை. ஆர்டிஓ அலுவலகத்தில் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிறகு பொருத்திய சாமான்களின் மதிப்பை, பில்லோடு, காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கொடுத்து பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். மறைத்தால் இழப்பீடு கேட்கும்போது அதையே காரணம் காட்டி மறுக்கலாம்.

சொந்த உபயோகப் பாலிசியை வைத்துக்கொண்டு வேனை யாருக்கும் வாடகைக்கு விடாதீர்கள்.